மாடி வீட்டு அத்தையின் வசவு

மாடி வீட்டு அத்தை யாரையாவது ‘வாங்க, உட்காருங்க’ என்று மரியாதையாக வரவேற்றால், அந்த ஆளை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும். பிடித்தவர்களை அவள் வரவேற்றதே கிடையாது. ‘இத்தன நேரம் எங்க போய்த் தொலஞ்சே?’ என்றபடிதான் கதவைத் திறப்பாள்.

மைசூர் ஹெப்பாளில், தொழிற்சாலைகளுக்குப் பின்பக்கத்துச் சந்து ஒன்றில், மூன்றடுக்கு வீடு. கீழே வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரை மேஷ்ட்ரு என்போம். நடுவில் அம்மாவும் நானும். மேலே அத்தையும் அவள் கணவரும். அத்தை எனக்கு உறவில்லை. ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவக் குடும்பம் அவளுடையது. நாங்கள் குடிவந்த முதல் நாளே, ‘பால் காய்ச்சற பாத்திரத்த இப்படியா கரி புடிக்க விடுவாங்க?’ என்று அம்மாவைத் திட்டிவிட்டு, அவளே தேய்த்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அத்தை.

அவள் கணவரின் அக்கா சாமராஜநகரிலிருந்து எப்போதாவது வருவார். அன்றைக்கு அத்தையின் பேச்சில் ‘ங்க’ இல்லாத வாக்கியமே இருக்காது. அலமாரியிலிருந்து பூப்போட்ட கப்பும் சாசரும் இறங்கும். ‘குடிங்க. சக்கரை போதுங்களா? சேலை உங்களுக்கு நெம்ப நல்லா இருக்குதுங்க.’ எனக்கு எப்போதும் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர்தான். ஒருமுறை, நாத்தனார் கிளம்பிய பிறகு கேட்டேன்.

“அந்தச் சேலை நிஜமாவே நல்லாவா இருந்துச்சு அத்தை?”

“கண்ணு உனக்குப் பொட்டையா? மூட்டப்பூச்சிய நசுக்கின கலரு.”

“பின்ன ஏன் நல்லா இருக்குன்னீங்க?”

“ஆகாதவகிட்ட வேற என்னத்தச் சொல்றது? வையற வாயிதான் வாழ்த்தும். அவளுக்கு எதுக்கு என்ற வாயச் செலவழிக்கோணும்?”

இந்தக் கணக்குத் தெரியாத ஒரே ஜீவன் மேஷ்ட்ரு. அவர் என்ன சொன்னாலும் அத்தை, ‘ஹௌதுங்க மேஷ்ட்ரே, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’ என்று கன்னடத்தில் ஆமாம் போடுவாள். வீட்டிலிருப்பவர்களிலேயே தனக்கு மரியாதை கொடுப்பவள் இந்த அம்மாள் ஒருத்திதான் என்று அவர் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார்.

மனிதர்களோடு நிற்காது அவள் வசவு. மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளிலும் சிமெண்டுச் சாக்குகளிலும் செடி வளர்த்தாள். கத்தரிக்கு ஒரு திட்டு, கறிவேப்பிலைக்கு ஒரு திட்டு. மூலையில் பெரிய நீல டிரம்மில் மைசூர் மல்லிகை. அதற்குத்தான் அதிகம். ‘ஏண்டி, ஊத்தற தண்ணியெல்லாம் எங்கதான் போகுது? ஒரு மொட்டு வைக்கத் துப்பில்ல, கொடி மட்டும் மேஷ்ட்ரு ஊட்டு சன்னலுக்குப் போகுது!’ ஒரே மகளைச் சாமராஜநகரில் கட்டிக் கொடுத்திருந்தாள். அவளுக்குத் தினமும் காலையில் போனில் அரை மணி நேரம். நான் கிளிப்பச்சையில் ஒரு சுடிதார் எடுத்த அன்று, ‘வாழையிலையச் சுத்தி அனுப்பினாப்பல இருக்கறே. கழட்டி எறி’ என்றாள். அதற்குப் பிறகும் அதைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே அவள் முன்னால் போய் நிற்பேன். திட்டு வாங்காமல் வேலைக்குக் கிளம்பினால் எனக்கு என்னவோ போலிருக்கும்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில்தான் செடிக்காரர் வந்தார்.

ஒரு கன்னட சேனலில் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டுத் தோட்ட நிகழ்ச்சி வரும். அதை நடத்தியவருக்கு அறுபது வயதிருக்கும். வெளுத்த சட்டை, தோளில் துண்டு, நகமெல்லாம் மண். அரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு செடியைத்தான் எடுத்துக்கொள்வார். வேர், தண்டு, இலை என்று நிதானமாகப் போவார். தேங்காய் நார்த்தூளைக் கலக்கும்போது தூசு ஏறி இருமுவார். குந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வார். அதையெல்லாம் வெட்டாமல் அப்படியே காட்டுவார்கள்.

அவரைப் பற்றிச் சந்தில் ஆளுக்கொரு கருத்து. சனிக்கிழமை எட்டு மணிக்குப் பால் பூத்தில் நின்றால் எல்லாவற்றையும் கேட்கலாம். மேஷ்ட்ருவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. “சும்னே டைம் வேஸ்ட்டு. ஒரு ரோஜாவுக்கு அரை மணி நேரமா? அந்த இன்னொரு சேனலில் வருகிற பெண் பத்து நிமிடத்தில் பத்துச் செடி காட்டுகிறாள்” என்பார். என் அம்மா அந்தப் பத்துச் செடிப் பெண்ணை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் நகப்பூச்சு கலையாமல் உரம் போடுகிறாள் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. செடிக்காரர் பேசும் கன்னடம் தனக்கே புரிகிறதென்று அவருக்குக் கூடுதல் மார்க். முனையில் இஸ்திரி போடும் அக்கா, ‘செடி சரி, எங்க கிடைக்கும், என்ன விலைன்னு இந்த மனுசன் சொல்றதேயில்லயே’ என்பாள். ஆளைச் சேனல் மாற்றினால் தேவலை என்பதுதான் அங்கே பெரும்பான்மை.

அத்தை மட்டும் அந்தப் பேச்சில் சேர மாட்டாள். வீட்டுக்குள், டி.வி. முன்னால் உட்கார்ந்து, அவரை நேருக்கு நேர் வைவாள். “மூக்குல அந்தத் துண்டக் கட்டிக்கிட்டா என்ன கொறஞ்சா போயிருவே? தூசு பூரா நெஞ்சுக்குள்ள போகுது. காலரு பிஞ்சு தொங்குது, பாக்க ஊட்டுல ஆளில்லயாக்கும்? மெல்ல, மெல்ல எந்திரி! போச்சு, முட்டியப் புடிச்சுட்டான்.” பக்கத்தில் நசுங்கிய டம்ளரோடு நான். அவள் இன்னொருவரை ‘அவன், இவன்’ என்று அவ்வளவு உரிமையாகப் பேசிக் கேட்டதில்லை.

ஒரு தை மாதத்தில் அவர் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டச் சொன்னார். ‘வளந்த புள்ளய வெட்டச் சொல்றானே, பாவி’ என்று மூன்று வாரம் வைதுவிட்டு, நான்காவது வாரம் வெட்டினாள். பங்குனியில் அந்த டிரம் கொள்ளாமல் பூத்தது. சந்திலிருந்த அத்தனை பெண்களின் தலையிலும் அத்தையின் பூ. அந்தச் சனிக்கிழமை டி.வி. முன்னால் உட்கார்ந்து, ‘இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா உனக்கு?’ என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர் மூக்கில் துண்டு கட்டவேண்டும், முட்டிக்கு வைத்தியம் பார்க்கவேண்டும். இது எப்படியாவது அவர் காதுக்குப் போகவேண்டும். அத்தைக்கு அப்போது இதைவிடப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நிகழ்ச்சி முடியும்போது, கருத்துகளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லி ஒரு நம்பர் ஓடும். அத்தைக்குக் கன்னடம் சரளமாக வரும், எழுத வராது. நான் கன்னட மீடியத்தில் படித்தவள். அவள் தமிழில் சொல்ல, நான் கன்னடத்தில் தட்டி அனுப்புவேன். ‘நான் சொல்றத அப்பிடியே போடோணும். ஒரு எழுத்து உடக்கூடாது’ என்பாள். பல வாரம் அனுப்பினோம். ஒன்றையும் அவர்கள் வாசிக்கவில்லை.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். சனிக்கிழமையும் வேலை. எட்டேகாலுக்கு முனையில் கம்பெனி பஸ் வரும். அதை ஓட்டியவர் அத்தையின் கணவரேதான். நான் ஏறாமல் எடுக்கமாட்டார். ஆனால் ஹாரனை அடித்தே கொன்றுவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சியில் என்ன மாற்றம் வேண்டும் என்று நேயர்களைச் சேனல் கேட்டது. அன்று செடிக்காரர் ரொம்ப இருமினார். அத்தை மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள்.

“எழுது. அந்த மனுசன் இருமறதுலயே பாதி நேரம் போகுது. பேசறது காதுல விழ மாட்டீங்குது. உக்காந்தா எந்திரிக்க முடியல. இந்த ஆளப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க? ரெண்டு மாசம் அவர ஊட்டுக்கு அனுப்பிட்டு வேற யாரையாச்சும் போடுங்க. போட்டியா?”

“போடறேன் அத்தை. மெதுவாச் சொல்லுங்க.”

“இன்னும் ஒண்ணு இருக்குது. ரெண்டு மாசம் கழிச்சு அவரயே திருப்பிக் கூட்டிட்டு வந்துரோணும். அந்த மனுசன் இல்லாட்டி எனக்குச் சனிக்கெழமையே விடியாதுன்னு போடு. அவரு பொழச்சுக் கெடக்கோணும்னு எங்கூட்டு மல்லியப் பறிச்சு சாமிக்குப் போட்டிருக்கறேன்னும் போடு.”

கீழே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. “போ, போ, எங்கூட்டு மனுசன் அத ஒடைச்சுருவாரு” என்று அத்தையே துரத்தினாள். முதலில் சொன்னதெல்லாம் தட்டியாகிவிட்டது. மிச்சத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று, படியில் இறங்கிக்கொண்டே, தட்டியிருந்த வரைக்கும் அனுப்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பிறகு ஸ்டோர்ஸில் லாரி வந்து நின்றது. பிறகு மறந்துவிட்டேன். இதற்கு மேல் என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்து, நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில் சேனலிலிருந்து ஒரு பெண் வந்து செடிக்காரர் பக்கத்தில் நின்றாள். நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்றாள். மைசூர் ஹெப்பாளிலிருந்து ஒரு அம்மா எழுதியதை வாசிக்கிறேன் என்றாள்.

“நம்மளுது! நம்மளுது!” என்று அத்தை என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

இருமல், காதில் விழாத குரல், எழுந்திருக்க முடியாத முட்டி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாசித்தாள். நான் தமிழிலிருந்து கன்னடத்துக்குக் கொண்டுபோனபோது அத்தையின் குரல் அதில் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கண்டிப்பான அதிகாரி எழுதிய மெமோ மாதிரி இருந்தது. ‘வேறு யாரையாவது போடுங்கள்’ என்பதோடு அவள் காகிதத்தை மடித்தாள். அத்தை இன்னும் முன்னால் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

செடிக்காரர் துண்டில் கையைத் துடைத்தார். “அந்தத் தாயி சொல்வதில் தப்பில்லை. எனக்கும் வயதாகிவிட்டதல்லவா” என்று கன்னடத்தில் சொல்லிக் கும்பிட்டார். விளம்பரம் வந்துவிட்டது.

“கடைசி வரிய உட்டுட்டானுக பாரு” என்றாள் அத்தை. “திருடனுக. கடைசி வரியப் படிக்காம உட்டுட்டானுக.”

நான் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள். நிகழ்ச்சிக்குப் புதுப் பாட்டு. பழையவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அத்தை காலண்டரில் இரண்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தாள். விட்டுப்போன வரியை நான் ஒளிந்து ஒளிந்து மூன்று முறை அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று மூன்று முறை தானாகப் பதில் வந்தது. போன் செய்தால் பாட்டுதான் கேட்டது. அவர் நஞ்சன்கூடு பக்கம் ஒரு நர்சரிக்கு வந்துபோவார் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் பஸ் ஏறிப் போனோம். நாற்றுக்கு வருவார், இப்போது வருவதில்லை, வீடு தெரியாது என்றார் நர்சரிக்காரர். இரண்டு மாதம் முடிந்தது. மூன்றும் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், பால் பூத்தில் காற்று திரும்பிவிட்டது. பூட்ஸ் பெண் ஓயாமல் சிரிக்கிறாள் என்றார்கள். இஸ்திரி அக்கா, ‘பழைய ஆளு சொன்னா மண்டையில நின்னுச்சு’ என்றாள். மேஷ்ட்ருகூட, “அந்த மனிதரே பரவாயில்லை. விஷயம் தெரிந்தவர்” என்றார். போனவர் அந்தச் சந்துக்கே வேண்டியவராகிவிட்டார். எனக்கு அத்தனை பேரையும் அறையவேண்டும் போலிருந்தது. என்னைத்தான் முதலில்.

அத்தை வைவதை நிறுத்திவிட்டாள்.

மாடியில் சத்தமில்லாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கிளிப்பச்சைச் சுடிதாரோடு போய் நின்றேன். ‘வா கண்ணு’ என்றதோடு சரி. மகள் சாமராஜநகரிலிருந்து எனக்குப் போன் செய்தாள். “அம்மாவுக்கு ஒடம்பு செரியில்லயாக்கா? பதினஞ்சு நாளா என்னைய ஒரு திட்டுக்கூடத் திட்டல, பயமா இருக்குது.” பஸ்ஸில் அத்தையின் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உங்கத்தைக்கு என்னம்மா ஆச்சு? முப்பது வருசத்துல வையாம எனக்கு ஒரு வாய்ச் சோறு போட்டவளில்ல. இப்பத் தட்ட வெச்சுட்டு அக்கட்டால போயிடறா” என்றார். அவருக்கு நான் என்ன சொல்வேன்? ஹாரன் அடித்தது நீங்கள்தான் என்றா?

ஒரு சனிக்கிழமை அத்தையே போனை எடுக்கச் சொன்னாள்.

“அந்தப் புள்ள நல்லாச் சொல்லுதுன்னு போடு. பூட்ஸ் அழகா இருக்குதுன்னு போடு.”

“உங்களுக்குப் பிடிக்குதா அத்தை?”

“புடிக்கறது என்ன கெடக்குது. அதுக்கும் பொழப்புப் போயிரக்கூடாது. கடைசி வரிய அவனுக உட்டது நெசந்தான். அதுக்கு முந்தினதெல்லாம் என்ற வாயில வந்ததுதானே?”

வாரா வாரம் பாராட்டு அனுப்பினோம். ஒருமுறை பூட்ஸ் பெண் அதை வாசித்து, ‘மைசூர் அம்மாவுக்கு என் நமஸ்காரம்’ என்று கை கூப்பினாள். அத்தை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை வந்தது. மல்லிகை வெட்டுகிற நேரம். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். “வேண்டாம் கண்ணு, நம்ம கையி பட்டு அதும் எதுக்குக் கெடோணும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கொடி மேஷ்ட்ரு வீட்டுச் சன்னலைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டால், குற்றம் தன் வாயில் இல்லை, என் கையில்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இப்படித்தான் நினைத்தேன்.

“அத்தை, அந்தக் கடைசி வரியச் சேனல்காரங்க விடல. நான்தான் போடல.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“ஹாரன் அடிச்சாங்க. பஸ்ஸுல போய்ப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்.”

“நீ போடவே இல்லயா?”

“இல்ல அத்தை.”

“அன்னிக்கு நான் அவனுகளத் திருடனுகன்னு வையறப்ப, நீ பக்கத்துலதான உக்காந்திருந்தே?”

“ஆமா.”

“நஞ்சன்கூட்டுக்குக் கூடத்தான வந்தே?”

நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு திட்டுக்காக அப்படி ஏங்கியதில்லை. அத்தை உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் பூப்போட்ட கப்பும் சாசரும் இருந்தன.

“குடிங்க” என்றாள். “சக்கரை போதுங்களா?”

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடியில் கத்தரிக்கோல் சத்தம். “ஏண்டி, காடாட்டம் வளந்து நிக்கறயே, உனக்கு வெக்கமில்ல?” என்று அத்தையின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. எட்டு மணிக்கு மகள் போன் செய்து, “அம்மா இன்னிக்கு முக்கா மணி நேரம் திட்டுச்சுக்கா, என்ன மருந்து குடுத்தீங்க?” என்று சிரித்தாள். பஸ்ஸில் அத்தையின் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கரண்டி பறந்ததாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

“வாங்க, உட்காருங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தேன். பங்குனியில் மல்லிகை பூத்தபோது, அம்மாவின் மடியில் பூவை வீசி, ‘இதுக்கும் நாந்தான் கட்டித் தரோணுமா?’ என்று வைதாள். எனக்குத் தனியாக, கட்டிய சரமாக, ஒரு தட்டில் வந்தது. ஆபீஸில் வேலை எப்படிப் போகுதுங்க என்று விசாரிப்பாள். நான் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பு அள்ளிப் போட்ட குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, நல்லா இருந்துச்சுங்க என்று திருப்பிக் கொடுத்தாள்.

கல்யாணமாகி நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, புதுப்புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு அந்தக் கிளிப்பச்சைச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சாயம் போய், இடுப்பில் பிடித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வழியனுப்ப எல்லாரும் வாசலில் நின்றார்கள். அத்தையும் இறங்கி வந்திருந்தாள். அவளுக்கு நேரே போய், நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

அவள் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வாய் ஒரு தடவை அசைந்தது.

“கலரு உங்களுக்கு நெம்ப நல்லா இருக்குதுங்க” என்றாள்.

பக்கத்தில் நின்ற மேஷ்ட்ரு, எத்தனை மரியாதை தெரிந்த அம்மாள் பார் என்று என் காதில் சொன்னார். நான் ஹௌது மேஷ்ட்ரே என்றேன்.